நடுவில் நிற்கும் குடும்பம்

ஒரு ஜில்லாவின் செழிப்பை எடுத்துரைக்க வேண்டுமென்றால் நம்மவர்கள் ஆற்றைச் சொல்வார்கள், அணையைச் சொல்வார்கள், கோபுரத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் லௌகீகமாகப் பேசுகிறவர்களாக இருந்தால் தொழிற்சாலையையும் வாழைத்தார் மண்டியையும் சொல்வார்கள். ஆனால் அதே ஜில்லாவின் கிராமக் குடும்பங்களையெல்லாம், மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தில் தொடங்கி மிக அதிக வருமானமுள்ள குடும்பம் வரையில் வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் வந்து நிற்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு என்ன கிடைக்கிறது, அந்தத் தொகை ஒரு தலைமுறைக் காலத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டால், கலெக்டர் கச்சேரியிலிருந்து கல்லூரி வரையில் யாரும் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிட முடியாது. திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் சாலையில், காட்டூரில் குடியிருந்துகொண்டு, பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நஞ்சையும் புஞ்சையுமான எத்தனையோ கிராமங்களை எட்டிவிடக்கூடிய எனக்கு, இந்தக் கேள்வி வெகுநாளாக மனத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. பதிவு சற்று நீளமானது. அவசரமில்லாத அன்பர்கள் கூடவே வரலாம்.

முதலில், சராசரி என்ற பழகிய கணக்கு இருக்கும்போது நடுக்குடும்பத்தைத் தேடுவானேன் என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். குளித்தலைப் பக்கத்தில் பதினோரு வீடுகள் கொண்ட ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து வீடுகளுக்கு வருஷ வருமானம் முறையே 60,000, 70,000, 80,000, 90,000, 1,00,000 ரூபாய். ஆறாவது வீட்டுக்கு 1,20,000. அடுத்த நான்கு வீடுகளுக்கு 1,30,000, 1,40,000, 1,50,000, 1,60,000. பதினோராவது வீட்டுக்காரருக்கு வாழைத்தோப்பும் செங்கல் சூளையும் லாரிகளும் இருப்பதால் 44 லட்சம். மொத்தத்தைக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் தெருவின் சராசரி வருமானம் ஐந்து லட்சம் என்று வரும். அந்தத் தெருவில் ஐந்து லட்சம் சம்பாதிப்பவர் ஒருவரும் இல்லை. பத்து வீட்டுக்காரர்களில் எவருக்கும் அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. நடுவில் நிற்கும் ஆறாவது வீட்டைக் கேட்டால் 1,20,000 என்று சொல்லும். புள்ளியியல் சாஸ்திரம் இதை இடைநிலை அளவு என்கிறது. சூளைக்காரரின் வருமானம் அடுத்த வருஷம் இரட்டித்தாலும் இந்த அளவு அசையாது. சாதாரண ஜனங்களின் ஸ்திதி மாறினால் மட்டுமே அசையும். ஒரு பிரதேசத்தின் உண்மையான நிலையை அறிய விரும்புகிறவன் சராசரியை ஒதுக்கி இடைநிலையைத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்க தேசத்தில் இதற்கென்றே சர்க்கார் ஏற்பாடு இருக்கிறது. அங்கே 1940-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே கூலி சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டார்கள். இப்போது வருஷந்தோறும் நடக்கும் சமூகக் கணக்கெடுப்பில், நம் ஜில்லாவுக்கு ஒப்பான கவுண்டி ஒவ்வொன்றுக்கும் நடுக்குடும்பத்தின் வருமானத்தை மதிப்பிட்டு அச்சிடுகிறார்கள். ஜனங்கள் அதிகமுள்ள கவுண்டிக்கு ஒரு வருஷத்துப் பதில்களே போதும். 65,000 பேருக்குக் குறைந்த சிறு கவுண்டிகளுக்கு ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்துக்கொண்டால்தான் ஓரளவு நம்பக்கூடிய தொகை கிடைக்கிறது. அப்படிச் சேர்த்தும், டெக்ஸாஸ் மாகாணத்தில் 2020-இல் 64 பேரே வசித்த லவிங் கவுண்டி போன்ற இடத்தில், மதிப்பீட்டில் ஏற்படக்கூடிய பிழையின் வீச்சு மிகப் பெரிதாக நிற்கும். ஆகையால் அவர்கள் வருமான வரிப் பதிவுகளையும் உணவு மானியப் பதிவுகளையும் கணக்கெடுப்போடு கலந்து இன்னொரு மதிப்பீடும் செய்கிறார்கள். இவ்வளவு சாதனங்கள் இருந்தும் கிராமப்புறக் கவுண்டியின் வருமானம் முப்பது வருஷத்தில் எப்படி மாறியது என்று சொல்வதற்கு அங்கேயே நிபுணர்கள் தயங்குகிறார்கள் என்றால், நம் சிரமத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தேசத்தில் அந்த வரிப் பதிவு என்ற உபாயமே கிராமத்துக்குப் பயன்படாது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பத்தாம் பிரிவே அதற்கு விலக்களித்தது. ஆகவே நெல்லிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழையிலும் பிறக்கும் பணம் எந்த வரி ஏட்டிலும் ஏறுவதில்லை. சரி, ஆள் அனுப்பிக் கேட்டுவிடலாமே என்றால், அதற்கும் சர்க்கார் நெடுங்காலம் துணியவில்லை. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பத்திலிருந்தே குடும்பத்தின் செலவைக் கேட்டதே தவிர வருமானத்தைப் பிரதானமாகக் கேட்டதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சில சுற்றுகளில் வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் சொன்ன வருமானம், அதே ஜனங்கள் சொன்ன செலவையும் சேமிப்பையும்விடக் குறைவாக வந்தது! வரவைக் காட்டிலும் அதிகமாகச் செலவழித்து, அதற்குமேல் மிச்சமும் பிடிக்கிற இந்த அதிசயக் குடும்பங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. எண்பதுகளில் இன்னொரு முன்னோட்டம் நடந்து, அதுவும் மேலே செல்லவில்லை.

ஜனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்வது அவ்வளவு நியாயமாகாது. கிராமத்தில் ஒரு பெரியவரை நெருங்கி, "ஏங்க ஐயா, உங்களுக்கு வருஷ வருமானம் எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னத்த தம்பி வருமானம், வாய்க்கும் வயித்துக்கும் சரியாப் போவுது" என்பார். அவர் மறைக்கவில்லை, அவருடைய வாழ்க்கையில் வருமானம் என்ற தனித்த ஒரு தொகை எந்த நாளிலும் கைக்கு வந்ததில்லை. சம்பா அறுவடையில் முப்பது மூட்டை நெல் கண்டிருக்கும். அதில் பத்து மூட்டை வீட்டுக்கு, மூன்று விதைக்கு, கொஞ்சம் அறுத்தவர்களுக்கு, மிச்சம் கொள்முதல் நிலையத்துக்கு. உரக்கடைப் பாக்கியும் டிராக்டர் வாடகையும் அதில் கழியும். வீட்டுக்காரி கறந்து ஊற்றும் பால் பணம் சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒரு முறை வரும்; அதில் பாதி தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் போகும். மருமகள் நூறு நாள் வேலைக்குப் போனது அவள் பெயரிலிருக்கும் பாங்குக் கணக்கில் ஏறும். மகன் திருப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அனுப்புவது சில மாதம் உண்டு, சில மாதம் இல்லை. ஆடு விற்றது மூலதனமா வருமானமா, நகையை அடகு வைத்து வாங்கியது வரவா கடனா, ரேஷனில் இலவசமாக வாங்கும் அரிசிக்கு விலை போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொன்றாக யோசித்தால், பதில் சொல்லத் திணறுகிறவர் பெரியவர் மட்டுமல்லர், கேள்வி கேட்டவரும்தான்.

ஆகவே வருமானத்தைக் கேட்க விரும்புகிறவன் அந்த வார்த்தையையே வாயில் எடுக்கக்கூடாது என்பது இந்தத் துறையின் முதற்பாடம். எத்தனை மா நடவு, எத்தனை மூட்டை கண்டது, யாருக்கு என்ன விலைக்கு விற்றது, எத்தனை ஆள் கூலி, அறுவடைக் கூலி பணமா நெல்லா, எத்தனை மாடு, எத்தனை லிட்டர், யார் யார் எங்கே எத்தனை நாள் வேலைக்குப் போனார்கள் என்று இனம் இனமாகக் கேட்டு, வீட்டில் உண்ட நெல்லுக்கும் கடைவிலை போட்டு வரவில் சேர்த்து, சாகுபடிச் செலவைக் கழித்து, கடைசியில் கேட்டவனே கூட்டிப் பார்க்க வேண்டும். இவ்விதம் ஒரு குடும்பத்தை விசாரிக்க அரைநாள் ஆகும். ஆயினும் இப்படிச் செய்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் நான் இந்தப் பதிவில் பிரதானமாகச் சொல்ல வந்த விஷயம்.

அந்த மரபின் தொடக்கத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் நிற்கிறார். ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்துவிட்டு, சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இன் முடிவில் வந்து சேர்ந்த அவர், இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் படித்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று மாணவர்கள் எழுதிவந்த விவரங்கள் 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை ஜில்லாப் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டுத் தூசி, ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அவ்விதம் புகழடைந்தன. இருபது வருஷங்கள் கழித்து, 1936-37-இல், பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்து 1940-இல் நூல் வெளியிட்டார்கள். அறுபதுகளில் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையாரும், எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலானோரும் அந்த ஊர்களில் சிலவற்றுக்குப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இலும் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் சென்றார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறு வருஷம் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்த இத்தகைய விசாரணை உலகத்தில் அதிகம் கிடையாது.

திருச்சி ஜில்லாவுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்தது. 1979-80-இல், பிற்பாடு பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய வெங்கடேஷ் ஆத்ரேயாவும், சுவீடன் தேசத்து லுண்ட் நகரத்தைச் சேர்ந்த யோரான் யூர்ஃபெல்ட், ஸ்டஃபான் லிண்ட்பெர்க் இருவரும், அன்றைய திருச்சி ஜில்லாவின் குளித்தலை, மணப்பாறைப் பக்கங்களில் ஆறு கிராமங்களைத் தேர்ந்து விவசாயக் குடும்பங்களை விசாரித்தார்கள். தேர்வே ரசமானது: ஒரு பக்கம் காவிரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் நஞ்சை, மறுபக்கம் வானத்தையும் கிணற்றையும் நம்பிக் கடலையும் சோளமும் விதைக்கும் மானாவாரிப் புஞ்சை. இரண்டையும் ஒரே ஜில்லா என்று கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே தெரியாமல் போய்விடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அந்த ஆராய்ச்சி 1990-இல் நூலாக வந்தது. அதோடு நின்றிருந்தால் அது ஒரு காலத்தின் படமாக மட்டும் இருந்திருக்கும். இருபத்தைந்து வருஷங்கள் கழித்து அவர்களும் இளைய சகாக்களும் திரும்பிப் போய், முதலில் கண்ட குடும்பங்களையே தேடிக் கண்டுபிடித்து மறுபடி கேட்டார்கள். அதன் முடிவுகளை 2008-இல் வெளியிட்டார்கள். பெரிய நிலக்காரர்கள் சிறிது சிறிதாக நிலத்தை விட்டு விலகியதையும், சொந்த உழைப்பில் பயிரிடும் குடும்பங்கள் வலுத்து நின்றதையும், வயலுக்கு வெளியேயுள்ள வேலைகள் கிராமத்து ஜீவனோபாயத்தில் பெரிய இடத்தைப் பிடித்ததையும், சர்க்காரின் நலத்திட்டங்கள் ஏழைகளைத் தாங்கியதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

திரும்பிப் போவதில் இருக்கும் பிரயாசையை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் உணர்வதில்லை. 1979-இல் அப்பாவும் மூன்று மகன்களும் ஒரே அடுப்பில் சமைத்துண்ட குடும்பம், 2005-இல் பாகப்பிரிவினை ஆகி மூன்று குடும்பமாக நிற்கிறது. பழைய குடும்பத்தின் வாரிசு இவற்றில் எது? மூன்றையும் சேர்ப்பதா, மூத்தவனை மட்டும் எடுப்பதா? நிலத்தை விற்றுவிட்டுத் திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போனவர்களை விட்டுவிட்டால், போனவர்கள் முன்னேறிப் போனவர்களாயின் கிராமம் ஏழையாகத் தெரியும். நொடித்துப் போனவர்களாயின் கிராமம் செழித்ததாகத் தெரியும். குடும்பத்தின் அளவும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக நாலு பேர்கூட முழுசாக இல்லை. ஏழு பேருக்கு வந்த வருமானமும் நாலு பேருக்கு வரும் வருமானமும் தொகையில் ஒன்றாக இருந்தாலும் வாழ்வில் ஒன்றல்ல. ஆகையால் குடும்ப வருமானத்தைத் தலைக்கணக்காகவும் பார்க்காமல் காலத்தை ஒப்பிடுவது முழுமையாகாது.

இவற்றையெல்லாம் காட்டிலும் நுட்பமான ஒரு சங்கடம் எங்கள் காட்டூரையே உதாரணமாகக் கொண்டு விளங்கும். உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசனத்தில் வயல்கள் பச்சையாகக் கிடந்த பக்கம் இது. திருவெறும்பூரில் அறுபதுகளில் பாரத மிகுமின் தொழிற்சாலையும், அதையொட்டித் துப்பாக்கித் தொழிற்சாலையும், பின்னால் துவாக்குடியில் சிறுதொழிற்பேட்டையும் வந்தபின், நடவுக்குப் போன குடும்பங்களில் வெல்டரும் ஃபிட்டரும் தோன்றினார்கள், வயல்கள் மனைகளாயின. 2011-இல் இந்தப் பகுதி திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள்: சுற்றுவட்டக் கிராமங்களில் வருமானம் நன்கு உயர்ந்த ஊர் எதுவோ அதுவே நகரம் என்ற பட்டியலுக்குப் போய்விடுகிறது, உயராத ஊர்கள் கிராமம் என்ற பட்டியலில் தங்குகின்றன. ஒரு குடும்பத்துக்கும் ஒரு ரூபாய் குறையாமலே கிராமப்புற நடுக்குடும்பத்தின் வருமானம் காகிதத்தில் இறங்கிவிடும்! ஜில்லா எல்லையும் இப்படியே. 1974-இல் புதுக்கோட்டை பிரிந்தது. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்த குளித்தலை இன்றைக்குக் கரூர் ஜில்லாவில் இருக்கிறது, மணப்பாறை மட்டும் திருச்சியில் இருக்கிறது. 1979-ஆம் வருஷத்துத் திருச்சி ஜில்லாவையும் இன்றைய திருச்சி ஜில்லாவையும் ஒப்பிடுகிறவர் பெயரை ஒப்பிடுகிறாரே ஒழிய பூமியை ஒப்பிடவில்லை. பழைய எல்லைக்குள் இருந்த தாலுகாக்களை ஒன்றுகூட்டி, அன்று கிராமமாக இருந்த ஊர்களை இன்றும் கிராமமாகவே பாவித்துக் கணக்குப் போட்டால்தான் மாற்றம் புலப்படும்.

அடுத்தது பணத்தின் மதிப்பு. இதை நிஜமான எண்களைக் கொண்டே பார்ப்போம். விவசாயக் குடும்பங்களின் நிலையை அறியத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு மூன்று முறை விரிவாக விசாரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2002-03-இல் 2,072 ரூபாய், 2012-13-இல் 6,980, 2018-19-இல் 11,924. பதினாறு வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று மேடையில் முழங்கலாம். ஆனால் அந்த வருஷங்களின் நெல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு முறையே 530, 1,250, 1,750 ரூபாய் என்பதை நினைவில் வைத்து, வருமானத்தை நெல்லாக மாற்றிப் பார்த்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 3.9 குவிண்டாலாக இருந்தது 5.6 ஆகி, பிறகு 6.8 ஆயிற்று. ஆறு மடங்கு என்பது ஒன்றே முக்கால் மடங்காகச் சுருங்குகிறது. அதுவும் முன்னேற்றந்தான், ஆனால் முழக்கத்துக்கு உரியதன்று. விவசாயத் தொழிலாளர்களுக்கென்று வெளியாகும் விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு திருத்தினால் உயர்வு இதைவிடச் சற்று அதிகமாகத் தெரியும்.

நெல்லை அளவுகோலாக வைப்பதில் ஒரு பழைய நியாயம் உண்டு. கூலியும் குத்தகையும் நெல்லாகவே அளக்கப்பட்ட காலத்தில் அதைவிட உறுதியான நாணயம் கிராமத்தில் இல்லை. இன்றைக்கோ அந்த நியாயம் பலவீனப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். கூலிக்காரன் நெல் விலையைப் பார்த்து வருந்துவதைக் காட்டிலும் பள்ளிக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் பெட்ரோல் விலையையும் பார்த்து வருந்துவதே அதிகம். கிராமப்புற இந்தியாவின் மொத்தச் செலவில் உணவின் பங்கு 2011-12-இல் சுமார் 53 சதவீதமாக இருந்து, 2022-23-இல் 46 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆகையால் நெல்லிலும் குறியீட்டிலும் இரண்டிலும் கணக்குப் போட்டு, இரண்டுக்கும் இடையில் உண்மை இருப்பதாக ஒப்புக்கொள்வதே விவேகம்.

வருஷத் தேர்வும் ஒரு பெரிய விஷயம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த வருஷத்தைத் தொடக்கமாகக் கொண்டு பின்னால் வரும் நல்ல வருஷத்தோடு ஒப்பிட்டால் எந்த ஆட்சியும் பொற்கால ஆட்சியாகிவிடும். நல்ல வருஷத்தில் தொடங்கி வறட்சியில் முடித்தால் எந்த ஆட்சியும் பாழாகிவிடும். ஒற்றை வருஷத்துக்குப் பதிலாக மூன்று வருஷங்களின் நடுத்தொகையை எடுத்துக்கொள்வது இதற்குத் தெரிந்த பரிகாரம்.

மேலே காட்டிய மூன்று தொகைகளையும் பற்றி இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விவசாயக் குடும்பம் எது என்பதற்கான இலக்கணம் முதல் கணக்கெடுப்பில் ஒன்றாகவும் பின்னிரண்டில் வேறாகவும் இருந்தது. அதைவிட முக்கியமாக, அவை மூன்றும் சராசரிகள். நாம் தேடுகிற நடுக்குடும்பம் அவற்றில் இல்லை. வருமானத்தையே நேரில் கேட்டு இடைநிலையை வெளியிட்ட பெரிய முயற்சி என்றால் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05-இல் நடத்திய கணக்கெடுப்பைச் சொல்ல வேண்டும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்து, இந்தியாவின் நடுக்குடும்பத்துக்கு வருஷ வருமானம் 27,857 ரூபாய் என்று அது கண்டது. தேசத்துக்கு அது போதும், தாலுகாவுக்குப் போதாது. 2022-23-ஆம் வருஷத்துச் செலவுக் கணக்கெடுப்பில் தேசம் முழுவதும் 2,61,746 குடும்பங்களைக் கேட்டும், ஒவ்வொரு கிராமத்திலும் பதினெட்டுக் குடும்பங்களையே கேட்க முடிந்தது. அந்த எண்ணிக்கையை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்தால் ஓரிடத்துக்குச் சில நூறு வீடுகளே மிஞ்சும். 2025 ஜனவரி முதல் மாதிரித் தேர்வில் ஜில்லாவையே அடிப்படை அலகாகக் கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள், அது வரவேற்கத்தக்கது.

செலவுக் கணக்கையும் வருமானக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய அதிசயம் இன்றும் எட்டிப் பார்க்கிறது. 2022-23-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 21,240 ஆகிறது. நாலு வருஷத்துக்கு முன்பு விவசாயக் குடும்பம் சொன்ன வருமானமோ பன்னிரண்டாயிரத்துக்குள். காலமும் குடும்ப வகையும் வேறு என்று ஒதுக்க வேண்டியதை ஒதுக்கினாலும், சொன்ன வருமானத்தில் சொல்லாத பகுதி கணிசமாக இருக்கிறது என்ற அபிப்பிராயம் மாறாது.

சொல்லாததற்குக் காரணம் ஜனங்களின் குணத்தில் மட்டும் இல்லை; சர்க்கார் கேட்கும் விதத்திலும் இருக்கிறது. இந்த ராஜ்யத்தில் வருமானத்தைப் பற்றி ஏழைக் குடும்பம் எழுத்துமூலம் பதில் சொல்லும் முக்கியச் சந்தர்ப்பம் வருமானச் சான்றிதழ். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நெடுங்காலம் வருஷத்துக்கு 72,000 ரூபாய் எல்லையாக இருந்து பின்னர் 1,20,000 ஆக்கப்பட்டது. எல்லை எங்கேயோ அங்கேயே சான்றிதழ்களும் வந்து குவியும் என்பது இ-சேவை மையத்து வரிசையில் நின்றவர்கள் அறிந்த ரகசியம். எல்லைக்கு மேலே ஒரு ரூபாய் சொன்னால் சிகிச்சை போய்விடும் என்று பயந்தவனிடம் யதார்த்தத்தை எதிர்பார்ப்பது எப்படி? சர்க்காரே இதை உணர்ந்துதான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சம் ரூபாய் வருமான எல்லையோடு, நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தார்கள். வாயால் சொல்லும் வருமானத்தை நம்பாமல், கண்ணுக்குத் தெரிகிற நிலத்தையும் மின்கணக்கையும் கொண்டு வருமானத்தை அனுமானிக்கும் இந்த முறையையே சாஸ்திரக்காரர்களும் கையாளுகிறார்கள். மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்ட சில வீடுகளில் வருமானத்துக்கும் கூரை, வாகனம், படிப்பு முதலியவற்றுக்கும் உள்ள உறவைக் கண்டுகொண்டு, ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் எல்லா வீடுகளுக்கும் இருக்கும் அதே விவரங்களில் அந்த உறவைப் பொருத்தி, தாலுகா வாரியாக மதிப்பிடுவது அவர்கள் வழி. ஆனால் அனுமானம் அனுமானமே. அதற்கு அடியில் நேர்மையாகக் கேட்டு நேர்மையாகச் சொன்ன சில ஆயிரம் பதில்கள் இல்லாவிட்டால் அது நிற்காது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் தீர்மானம் இதுதான்: கிராமப்புறத்து நடுக்குடும்பத்தின் வருமானம் காலத்தோடு எப்படி மாறிற்று என்பதற்கு, ஒரே பிரதேசத்தில், ஒரே எல்லைக்குள், ஒரே குடும்பங்களிடம், இனம் இனமாகக் கேட்டு, சில வருஷங்கள் கழித்துத் திரும்பவும் போய்க் கேட்பதைத் தவிர வேறு உறுதியான வழி இல்லை. குளித்தலையிலும் மணப்பாறையிலும் அதைச் செய்து காட்டியவர்கள் சில பேராசிரியர்களே. கோடிக்கணக்கில் செலவழிக்கக்கூடிய சர்க்கார் அதைச் செய்யவில்லை.

இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. சர்க்கார் தரப்பில் தேசம் முழுவதற்குமான முதல் குடும்ப வருமானக் கணக்கெடுப்பை 2026-இல் நடத்துவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் அறிவித்து, சுர்ஜித் பல்லாவின் தலைமையில் நிபுணர் குழுவையும் அமைத்தது. முன்னோட்டச் சோதனையிலேயே மிகப் பெரும்பாலோர் இந்தக் கேள்விகளை அந்தரங்கமானவை என்று கருதித் தயங்கினார்கள் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது. ஆகையால் சர்க்காருக்கு ஒரு விண்ணப்பமும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பமும் செய்துகொண்டு முடிக்கிறேன். சர்க்கார் சராசரியோடு நிறுத்தாமல் ஜில்லா ஜில்லாவாக நடுக்குடும்பத்தின் வருமானத்தையும், அதில் இருக்கக்கூடிய பிழையின் வீச்சையும் சேர்த்து அச்சிட வேண்டும். சொல்லும் பதிலைக் கொண்டு ஒருவருடைய ரேஷன் அட்டையிலும் உரிமைத் தொகையிலும் கைவைக்க மாட்டோம் என்று தெளிவாக உறுதி கூற வேண்டும். வாசகர்களோ, நோட்டுப் புத்தகத்தோடும் டேப்லட்டோடும் ஒரு கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்தால், அவரை உட்காரவைத்து, நெல்லையும் பாலையும் கூலியையும் மகன் அனுப்பிய பணத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.